ஸ்காரா பிரேவின் சுவரும் சுவரில்லாத கரைகளும்

கடலரிப்பில் சிக்கிய தொல்லியல் இடம் ஒன்றை என்ன செய்வது? கையில் இருக்கும் வழிகள் நான்குதான். சுவர் எழுப்பிக் கடலைத் தடுக்கலாம். கடல் எடுப்பதற்கு முன்பே அகழ்ந்து பதிவு செய்யலாம். கல்லோடு கல்லாகப் பெயர்த்து வேறிடத்தில் நிறுவலாம். ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம். உலகின் பெரும்பாலான கரைகளில் நடப்பது நான்காவதுதான். அதிலும் பல இடங்களில் யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவாக அது இருப்பதில்லை. அங்கே ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

இந்த நான்கையும் அருகருகே வைத்து ஆராய ஏற்ற இடம் ஆர்க்னி. ஸ்காட்லாந்தின் வடமுனைக்கு அப்பால், அட்லாண்டிக்கும் வடகடலும் சந்திக்கும் நீர்ப்பரப்பில் சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டம் இது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே மக்கள் பயிர் செய்தும் கால்நடை வளர்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். மரம் அரிதான நிலம். ஆனால் பலகை பலகையாகப் பிளந்து வரும் மணற்கல் ஏராளம். ஆகவே வீட்டை மட்டுமல்லாமல் கட்டில், அலமாரி, தொட்டி எல்லாவற்றையும் கல்லிலேயே செய்தார்கள். மரத்தில் செய்திருந்தால் எப்போதோ மக்கிப் போயிருக்கும். கல்லில் செய்ததால் நமக்குக் கிடைத்தது. கரையோரம் குடியிருந்ததால் இப்போது கடலுக்கும் கிடைக்கிறது.

இந்தக் கரைகளுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஸ்காட்லாந்தின் பெருநிலத்தில் மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. எலும்பு அதில் தங்காது. ஆர்க்னியின் கரை மணலோ சிப்பியும் சங்கும் உடைந்து பொடிந்த சுண்ணாம்பு மணல். மனித எலும்பு, மாட்டு எலும்பு, மீன் முள், எலும்பு ஊசி எல்லாம் அதில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழுதின்றிக் கிடக்கும். அந்த மக்கள் என்ன உண்டார்கள், எந்த நோயில் வாடினார்கள், எத்தனை வயதில் இறந்தார்கள் என்று சொல்லக்கூடிய மண் இது. அலைக்கு முன் எளிதில் சரிவதும் இந்த மணல்தான்.

கடல் திறந்து காட்டிய கிராமம்

ஆர்க்னியின் முதன்மைத் தீவின் மேற்குக் கரையில் ஸ்கேல் விரிகுடா இருக்கிறது. 1850ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வீசிய ஒரு பெரும்புயல், விரிகுடாவின் தென்கரையில் இருந்த மணல்மேட்டின் புல்போர்வையை உரித்தெறிந்தது. உள்ளே கற்சுவர்கள் தெரிந்தன. ஸ்காரா பிரே என்று இன்று அறியப்படும் பழங்கிராமம் அது. அந்த நிலத்துக்கு உரியவரான வில்லியம் வாட் தோண்டத் தொடங்கினார். 1868க்குள் நான்கு வீடுகள் வெளிப்பட்டன. பிறகு வேலை நின்றுபோனது. 1913இல் ஒரு வார இறுதியில் சிலர் வந்து மண்வெட்டி போட்டுத் தோண்டிக் கையில் அகப்பட்டதை எல்லாம் எடுத்துச் சென்றார்கள். எடுக்கப்பட்டவை எவை, எத்தனை என்பதற்குக் கணக்கில்லை. கடல் செய்யும் அழிவைப் பற்றிப் பேசும்போது, கடலே காட்டிக்கொடுத்ததை மனிதர்கள் சூறையாடிய இந்தச் செய்தியையும் சேர்த்தே பேச வேண்டும். மூடியிருந்த மண் விலகிவிட்டால் அலைக்கும் ஆளுக்கும் ஒரே நேரத்தில் கதவு திறந்துவிடுகிறது.

1924இல் இந்த இடம் அரசின் பாதுகாப்பில் வந்தது. அதே ஆண்டில் இன்னொரு புயல் ஒரு வீட்டின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. அதன்பின் தாமதிக்கவில்லை; சில ஆண்டுகளுக்குள் கிராமத்துக்கும் கடலுக்கும் நடுவே கற்சுவர் எழுந்தது. 1920களின் பிற்பகுதியில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கார்டன் சைல்ட் அகழாய்வை ஏற்றார். தாழ்ந்த கல்நடைகளால் இணைக்கப்பட்ட எட்டு வீடுகள் இன்று பார்வைக்கு இருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் நடுவே அடுப்பு, இருபுறமும் கற்கட்டில், வாசலுக்கு நேர் எதிரே கல் அலமாரி. உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படும்படி அந்த அலமாரியை வைத்திருக்கிறார்கள்.

வீடுகளைச் சுற்றிலும் நிறைந்திருந்தது குப்பைமேடு. சாம்பல், சிப்பி ஓடு, எலும்பு, சாணம் எல்லாம் மக்கி இறுகிய கெட்டியான மண். கிராமத்தார் அதற்குள் சுவர்களைப் பதித்து வீடு கட்டிக் குளிர்காற்றைத் தடுத்துக்கொண்டார்கள். பயணிக்கு அது வெறும் மண். ஆய்வாளருக்குக் கல் அலமாரியைவிட அதுவே மேலானது.

சுவர் வாங்கித் தந்த காலம்

இந்த நிகழ்வில் நான் முக்கியமாகக் கருதுவது இனி வருவது. சைல்ட் தம் காலத்தின் தலைசிறந்த தொல்லியலாளர்களில் ஒருவர். அவரே இந்தக் கிராமத்தை, ஸ்காட்லாந்தின் பழங்குடியினரான பிக்ட் மக்களின் இரும்புக்காலக் குடியிருப்பு என்றுதான் முதலில் கருதினார். கிறிஸ்துவுக்கு முன் சில நூற்றாண்டுகள் பழமை என்பது அவர் கணிப்பு. கதிர்க்கரி முறையில் வயதைக் கணிக்கும் வழி அப்போது கண்டுபிடிக்கப்படவே இல்லை. அது 1940களின் இறுதியில் வந்தது.

1972, 1973ஆம் ஆண்டுகளில் டேவிட் கிளார்க் தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது. சைல்ட் தொடாமல் விட்ட குப்பைமேட்டில் அளவான குழிகளை மட்டுமே வெட்டினார்கள். அங்கே கிடைத்தவற்றைக் கதிர்க்கரி முறையில் சோதித்தபோது, கிராமம் ஏறத்தாழ கி.மு. 3180 முதல் கி.மு. 2500 வரை வாழ்ந்தது என்று தெரிந்தது. புதிய கற்காலம்! எகிப்தின் பெரும் பிரமிடு எழுவதற்கு முன்பே இங்கே குழந்தைகள் கல் அலமாரிக்கு எதிரே தவழ்ந்திருக்கிறார்கள். ஈரம் வடியாமல் இருந்த ஒரு மண்ணடுக்கில் மரக் கைப்பிடி ஒன்றும், ஹெதர் புதரின் தண்டுகளை முறுக்கித் திரித்த கயிற்றுச் சுருள் ஒன்றும் கிடைத்தன. புதிய கற்காலக் கயிறு உலகில் கிடைத்தவை மிகச் சில. யாரோ ஒருவர் உள்ளங்கையில் வைத்து முறுக்கிய திரிப்பு அதில் அப்படியே இருந்தது.

1920களில் சுவர் கட்டாமல் இருந்திருந்தால், அல்லது சைல்ட் ஒரு பிடி மண்ணும் விடாமல் தோண்டியிருந்தால், அந்தக் கயிறு கிடைத்திருக்காது. அரை நூற்றாண்டுக்குள் அறிவியல் வளர்ந்தது. அதுவரை மண் காத்திருந்தது. தடுப்புச்சுவரின் உண்மையான பயன் இதுதான். அது ஓர் இடத்தை நிரந்தரமாகக் காப்பாற்றுவதில்லை, காலம் வாங்கித் தருகிறது. வாங்கிய காலத்தை வைத்து என்ன செய்தோம் என்பதே கேள்வி. ஸ்காரா பிரேயில் நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

சுவரின் இரு முனைகள்

1999இல் ஸ்காரா பிரே, மேஸ்ஹோ கல்லறை, ஸ்டென்னெஸ் கற்கள், பிராட்கர் கல்வட்டம் ஆகிய நான்கும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. சுவரையும் பலமுறை செப்பனிட்டிருக்கிறார்கள். ஆனால் சுவர் தன் வேலையைச் செய்யும்போதே ஒரு புதிய சிக்கலையும் உண்டாக்குகிறது.

அலை மணற்கரையில் ஏறும்போது சரிவில் உருண்டு, மணலுக்குள் ஊறித் தன் வலுவை இழக்கும். செங்குத்தான கல்லில் மோதினால் அப்படி இழக்காது, திரும்பி அடிக்கும். திரும்பும் நீர் சுவரின் அடியில் இருக்கும் மணலை அரித்தெடுக்கிறது. மணல் தாழ்ந்தால் அங்கே நீர் ஆழமாகும், ஆழமான நீரில் இன்னும் பெரிய அலை சுவர்வரை வந்து சேரும். சுவரின் இரு முனைகளிலோ அலை வளைந்து திரும்பி, காப்பில்லாத மண்ணைக் கூடுதல் வலுவோடு தாக்குகிறது. சுவருக்குப் பின்னால் பூட்டிவைத்த மண், முன்பெல்லாம் சரிந்து பக்கத்துக் கரைக்கு மணலாகப் போய்ச் சேர்ந்திருக்கும். இப்போது அந்த வரத்தும் இல்லை. இருபுறக் கரையும் பின்வாங்கப் பின்வாங்க, சுவர் இருக்கும் இடம் மட்டும் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் அலை முனையைச் சுற்றி உள்ளே வந்து சுவரின் முதுகைத் தொட்டால் முன்பக்கம் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

ஸ்கேல் விரிகுடாவில் இந்த அச்சம் உண்மையானது. இடத்தைப் பராமரிக்கும் 'ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து' அமைப்பு கரையை லேசர் கருவியால் அளந்து, மண் எங்கே எவ்வளவு குறைகிறது என்று கண்காணித்து வருகிறது. 2019 ஏப்ரலில் ஸ்ட்ரோம்னெஸ் நகரில் வல்லுநர்களும் உள்ளூர் மக்களும் கூடி, பருவநிலை மாற்றத்தால் இந்தப் பாரம்பரியச் சின்னங்களுக்கு வரக்கூடிய ஆபத்தை மதிப்பிட்டார்கள். பருவநிலை பாதிப்புக் குறியீடு என்ற மதிப்பீட்டு முறை பண்பாட்டுச் சின்னம் ஒன்றுக்குப் பயன்படுத்தப்பட்டது அதுவே முதல் முறை. கடல்மட்ட உயர்வு, மழையின் மாற்றம், புயல்களின் கடுமை ஆகிய மூன்றும் முதன்மையான ஆபத்துகள் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

கடல்மட்டத்தைப் பொறுத்தவரை ஆர்க்னிக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு. பனியுகத்தில் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியை அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாறை உருகிய பிறகு, அந்த நிலம் இன்னும் மெல்ல மேலெழுந்துகொண்டிருக்கிறது. பனியின் விளிம்பில் இருந்த ஆர்க்னிக்கு அந்த உயர்வு இல்லை. கடல் ஏறினால் அப்படியே தாங்க வேண்டியதுதான். ஸ்காரா பிரேயில் மக்கள் வாழ்ந்தபோது கடல் இவ்வளவு பக்கத்தில் இல்லை. இன்றைய விரிகுடாவின் பெரும்பகுதி அன்று நிலமாக இருந்தது. ஆக, இந்தக் கடலரிப்பு நேற்றுத் தொடங்கியதல்ல. இன்று மாறியிருப்பது அதன் வேகம்.

இந்தச் சுவரைத் தொடர்ந்து காக்கத்தான் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதையே மற்ற கரைகளுக்கும் முன்மாதிரியாகக் கொள்வது தவறு. ஆர்க்னியின் கரை நீளத்தில் தொல்லியல் இடம் இல்லாத பகுதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சுவர் கட்டப் பணமும் இல்லை. கட்டினால் ஒவ்வொரு சுவரும் அடுத்த இடத்தின் மணலைப் பறித்துவிடும்.

ஸ்வாண்ட்ரோவில் கடலோடு ஓட்டம்

ஆர்க்னியின் ரௌசே தீவின் கரையில் ஸ்வாண்ட்ரோ என்ற மேடு இருக்கிறது. அதற்குச் சுவர் கிடையாது. பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜூலி பாண்ட், ஸ்டீவ் டாக்ரில் இருவரும் பல ஆண்டுகளாக அங்கே கோடைதோறும் அகழாய்வு நடத்தினார்கள். புதிய கற்கால அறைக்கல்லறை ஒன்று, அதையொட்டி இரும்புக்கால வட்டவீடு, பிக்ட் காலக் கட்டடங்கள், அவற்றுக்குப் பிந்திய, ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த நோர்ஸ் மக்களின் காலத் தடயங்கள் என்று மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வாழ்க்கை ஒரே மேட்டில் அடுக்கடுக்காக இருந்தது. அந்த அடுக்குகளின் முகப்பைக் கடல் ஏற்கெனவே வெட்டிவிட்டது.

உருண்டைக் கற்கள் குவிந்த கரை பார்வைக்கு ஒரு காப்பு போலத் தோன்றும். ஆனால் கற்களின் இடுக்குகளில் புகும் கடல்நீர் திரும்பும்போது நுண்ணிய மண்ணை இழுத்துக்கொண்டு போகிறது. புயலில் உருளும் கற்களே சுவர்களை இடித்து அரைக்கின்றன. ஆகவே இங்கே அகழாய்வுக் குழு எடுத்த நிலை தெளிவானது: இடத்தைக் காப்பாற்ற முடியாது, அது சொல்லக்கூடியதைக் காப்பாற்ற முடியும்.

அப்படிக் காப்பாற்றப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். மண்ணுக்குள் பாதி இறங்கியிருந்த சிறிய வட்டக் கட்டடம் ஒன்று பிக்ட் காலத்துச் செம்புக் கொல்லனின் பட்டறை. உள்ளே பட்டடைக் கல் இருந்தது. 2018இல் அந்தக் கல்லைச் சுத்தம் செய்தபோது அதன் மேல் கரிய கறைகள் தெரிந்தன. கொல்லன் மண்டியிட்டுக் கையூன்றி வேலை செய்தபோது அவன் கைகளிலும் முழங்கால்களிலும் இருந்த கரி கல்லில் படிந்த அச்சுகள் அவை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு தொழிலாளியின் உடல் எங்கே அமர்ந்தது, கை எங்கே பட்டது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. ஓர் அலை போதும், அந்தக் கரி கரைந்து போவதற்கு. கல் தப்பியிருக்கலாம். அப்போது அது கரையில் கிடக்கும் இன்னொரு கல், அவ்வளவுதான்.

தொல்லியலில் இன்று பரவலாக ஏற்கப்பட்ட நெறி ஒன்று உண்டு: அவசியமின்றித் தோண்டாதே; வருங்காலத்தில் இதைவிட நல்ல கருவிகள் வரும்; இருக்குமிடத்திலேயே இருக்கட்டும். ஸ்காரா பிரேயின் கயிறு இந்த நெறிக்குச் சாட்சி. ஆனால் அந்த நெறி மண் நிலைத்திருக்கும் இடங்களுக்காக எழுதப்பட்டது. ஸ்வாண்ட்ரோ போன்ற கரையில் தோண்டாமல் விடுவது வருங்காலத்துக்கு விட்டுவைப்பது ஆகாது, கடலுக்குக் கொடுத்துவிடுவது. நெறியின் பெயரால் கைகட்டி நிற்கும் அலுவலகங்கள் இதை உணர வேண்டும். கரையோர இடங்களுக்கு அகழாய்வு அனுமதியும் நிதியும் வழங்கும்போது, எது எவ்வளவு அரியது என்பதோடு எது எத்தனை குளிர்காலம் தாங்கும் என்பதையும் கேட்டாக வேண்டும்.

சாண்டே தீவின் இரண்டு பாடங்கள்

சாண்டே ஆர்க்னியின் தாழ்வான, மணல் மிகுந்த தீவு. 1985இல் அங்கே ஸ்கார் என்ற இடத்தில், அலை அரித்த கரைச்சரிவில் எலும்புகளையும் சிறிய ஈயப் பொருள் ஒன்றையும் ஒரு விவசாயி கண்டார். அதன் மதிப்பு உணரப்பட்டு முறையான அகழாய்வு தொடங்கியபோது 1991 ஆகிவிட்டது. அந்த ஆண்டின் இறுதியில், குளிர்காலப் புயல்களுக்கு முந்திக்கொண்டு அவசரமாகத் தோண்டினார்கள். கிடைத்தது வைக்கிங் காலப் படகு அடக்கம். ஏறத்தாழ ஆறரை மீட்டர் நீளப் படகில் மூவர்: முதுமை எய்திய ஒரு பெண், முப்பதுகளில் ஓர் ஆண், ஒரு குழந்தை. திமிங்கல எலும்பில் செதுக்கிய அழகிய தகடு ஒன்று பெண்ணின் அருகே வைக்கப்பட்டிருந்தது. அது இன்று கிர்க்வால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படகின் ஒரு பக்கத்தை மட்டும் கடல் அதற்குள் கொண்டுபோய்விட்டது.

ஆறு ஆண்டுகள்! இதில் யாரையும் பழிப்பதற்கில்லை. அந்த விவசாயி கண் திறந்து பார்த்ததால்தான் இவ்வளவாவது கிடைத்தது. ஆனால் கண்டவர் ஒருவர், அடையாளம் சொல்லக்கூடியவர் வேறொருவர், பணம் ஒதுக்குகிறவர் மூன்றாமவர் என்று இருக்கும்போது, இந்த மூவரும் ஒரே மேசைக்கு வருவதற்குள் எத்தனை புயல் கடந்துவிடுகிறது என்பதற்கு ஸ்கார் ஒரு கசப்பான அளவுகோல்.

அதே தீவில் மியூர் என்ற கரையில் 2005 ஜனவரிப் புயல் வெண்கலக் காலக் கட்டமைப்பு ஒன்றை வெளிக்கொணர்ந்தது. கற்களைச் சுடவைத்து நீரில் போட்டு வெந்நீராக்கப் பயன்பட்ட கல் தொட்டி. பக்கத்தில் வெந்து உடைந்த கற்களின் குவியல். அங்கே விட்டால் அழியும் என்பது உறுதி. ஊர்மக்கள் தொல்லியலாளர்களோடு சேர்ந்து 2014இல் அதைக் கல் கல்லாகப் பெயர்த்து, தீவின் பாரம்பரிய மையத்துக்கு அருகே மறுபடி நிறுவினார்கள். இடம் மாறினால் பொருள் குன்றும் என்று வாதிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் பெயர்க்கும்போதுதான் ஒவ்வொரு இணைப்பும் எப்படிக் கட்டப்பட்டது என்று கைக்குப் புரிகிறது. தவிரவும் அதைத் தூக்கிச் சுமந்த ஊர், அதன்பின் தன் கரையை வேறு கண்ணோடு பார்க்கும்.

யாருடைய கண்

அலுவலர் எவரும் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஒவ்வொரு கரைக்கும் போக முடியாது. கடற்கரையில் நாய்க்குட்டியோடு நடப்பவர், ஆடு மேய்ப்பவர், வலை உலர்த்துபவர் ஆகியோர்தான் போகிறார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இயங்கும் ஸ்கேப் அறக்கட்டளை இதை ஒரு முறைமையாகவே ஆக்கியது. 2012 முதல் 2016 வரை நடந்த அதன் திட்டத்தில், பழைய கணக்கெடுப்புகளில் பதிவான கரையோர இடங்களுக்குத் தன்னார்வலர்கள் நேரில் போய், கைப்பேசிச் செயலி வழியாகப் படமும் நிலையும் அனுப்பினார்கள். வரைபடத்தில் இருந்த சில இடங்கள் தரையில் இல்லாமல் போயிருந்தன. ஆபத்து என்று குறிக்கப்பட்ட சில இடங்கள் புல் மூடிப் பத்திரமாக இருந்தன. பட்டியலில் இல்லாதவையும் புதிதாக வெளிவந்தன. மியூரின் இடமாற்றத்திலும் இந்த அறக்கட்டளையின் பங்கு உண்டு.

இது மலிவான வேலை என்று எண்ணிவிடக் கூடாது. தன்னார்வலர் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் பதில் சொல்ல, பார்த்து மதிப்பிட, தேவையானால் அடுத்த வாரமே ஆளனுப்ப ஒரு சிறு குழு முழுநேரமும் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் செயலியில் படங்கள் மட்டும் சேரும். கரையில் மண் குறைந்துகொண்டே போகும். திட்ட நிதி முடிந்தவுடன் கலைந்துபோகிற குழுவால் இதைச் செய்ய இயலாது. புயலுக்குத் திட்டக்காலம் கிடையாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அவசர அகழாய்வுக்குப் பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தோண்டும் வாரங்களுக்கே கொடுக்கிறார்கள். தோண்டி முடித்த பிறகுதான் உண்மையான செலவு. மண் மாதிரிகளைச் சலித்து விதைகளையும் மீன் முட்களையும் பிரிக்க வேண்டும், எலும்புகளை வகைப்படுத்த வேண்டும், கதிர்க்கரிச் சோதனைகளுக்கு அனுப்ப வேண்டும், இரும்பையும் செம்பையும் துருவேறாமல் பதப்படுத்த வேண்டும், இறுதியில் எழுதி வெளியிட வேண்டும். வெளியிடாத அகழாய்வு, கடல் செய்யவிருந்த வேலையைக் கடலுக்குப் பதிலாக நாமே செய்ததாகத்தான் ஆகும். ஸ்வாண்ட்ரோ போன்ற இடங்களில் தோண்டிய மண் திரும்ப வராது. சரிபார்க்கப் போனால் அங்கே நீர்தான் இருக்கும். ஆகவே கரையோர அகழாய்வுக்கு ஒப்புதல் வழங்கும் நாளிலேயே, ஆய்வுக்கூடத்துக்கும் நூலாக்கத்துக்கும் ஆகும் தொகையைத் தனியே ஒதுக்கி, வேறெதற்கும் எடுக்க முடியாதபடி வைக்க வேண்டும்.